யார் கட்டளைக்குப் பணிவது?

1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஓர் அரிய சோதனை நிகழ்த்தினார். கம்பித் தொடர்பின்றிச் சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகள், அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகையே வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார்.

ஆனால் வரும் அலை யாருடையது என்பதை ஏற்பி எவ்வாறு அறியும்? பிற்கால மாதிரி விமானங்களில் இக்கேள்வி பெரிதாயிற்று. அலைபரப்பியிலும் ஏற்பியிலும் ஒரே அதிர்வெண்ணுக்குரிய படிகங்களைப் பொருத்தினர். அதே திடலில் வேறொருவர் அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்தினால் கட்டளைகள் குழம்பும். விமானம் தடுமாறி விழும். கீழே நிற்போருக்கும் ஆபத்து! ஆகவே ஓர் அதிர்வெண்ணை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்தலாம் என விதி வகுத்துக் கொண்டனர்.

தீர்வுக்கான வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது. டார்ப்பிடோவை எதிரி திசைதிருப்பாதிருக்க, 88 அதிர்வெண்களிடையே தாவும் முறைக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தீலும் 1942இல் காப்புரிமை பெற்றனர். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பலவும் இவ்வாறே தாவுகின்றன. தனக்குரிய அலைபரப்பியின் அடையாளக் குறி இருந்தால்தான் ஏற்பி கட்டளைக்குப் பணியும். தொடர்பு அறுந்துவிட்டாலோ, முன்னரே அமைத்தபடி இயந்திரத்தை அடக்கி, விபத்தின் கடுமையைக் குறைக்கும்.