குப்பத்துக் கொல்லைக்கு எந்த வாழை?

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது குப்பம். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கோலார் தங்கவயல், கிழக்கே இறங்கினால் வாணியம்பாடி, தெற்கே கிருஷ்ணகிரி. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் என்பதால் வாழைப்பழத்துக்கும் இங்கே மூன்று மரபுகள் வந்து சேர்ந்திருக்கின்றன. மைசூர்ப் பக்கத்து ஏலக்கியும் ரசபாளையும், தமிழ்நாட்டுப் பூவனும் ரஸ்தாளியும், கோதாவரிக் கரையின் சக்கரகேளியும் அம்ருதபாணியும் இந்த மூலையில் வாழும் நாக்குகளுக்குப் பழக்கமானவை. வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று வாழை வைக்க நினைக்கும் குப்பத்துக்காரர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்தால், அவர் கையில் எடுப்பது நூறாண்டு வரலாறு கொண்ட ஒரு கேள்வி. சந்தையில் எந்தப் பழம் நிலைத்தது, எது மறைந்தது என்பதைப் பெரும்பாலும் நோயும் லாரியும் தீர்மானித்தன. ருசிக்கு அதில் கிடைத்த இடம் சிறியது.

1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு மெட்ராஸ் ரயில்வே பாதை போட்டபோது குப்பம் அந்தப் பாதையில் அமைந்தது. அன்று இது வட ஆற்காடு மாவட்டத்தின் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்த பகுதி. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபரில் ஆந்திரா தனி மாநிலமாகும்வரை குப்பம், கும்பகோணம், கோதாவரி மூன்றுக்கும் ஒரே வேளாண்மைத் துறைதான். வாழை ஆராய்ச்சியிலும் அந்த ஒற்றுமை தெரிந்தது. தஞ்சை ஜில்லா ஆடுதுறையில் 1949-இல் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கே. சி. ஜேக்கப் எழுதிய 'மெட்ராஸ் பனானாஸ்' என்ற பெருநூல் 1952-இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வந்தது. மாகாணமாக இருந்த நிலப்பரப்பின் வாழை வகைகளை ஒருசேரப் பதிவு செய்த அந்த நூல் வெளியான மறு வருஷமே நிலப்பரப்பு பிரிந்தது. பின்னால் ஆந்திரத்துக்கு வாழை ஆராய்ச்சி என்றால் அன்றைய மேற்கு கோதாவரியின் கொவ்வூர், தமிழ்நாட்டுக்கு ஆடுதுறையும் கோவையும், 1993 முதல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் என்று ஆனது. கன்றுகள் எல்லைக்கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. சொந்தபந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து கிழங்கு வந்தது.

ருசியில் முதலிடம் எதற்கு என்று தென்னிந்தியாவில் எந்த ஊரில் கேட்டாலும் பாதிப் பேராவது ரஸ்தாளி என்பார்கள். தெலுங்கில் அம்ருதபாணி, மைசூர்ச் சீமையில் ரசபாளை, வங்காளத்தில் மர்த்தமான், அசாமிலும் பிகாரிலும் மால்போக், இலங்கையில் கோலிக்குட்டு. எல்லாம் ஒரே குடும்பம். மெல்லிய தோல், வெண்ணெய் நிறச் சதை, இனிப்போடு சேர்ந்து வரும் மெல்லிய புளிப்பு, அறை முழுக்கப் பரவும் மணம். நன்றாகப் பழுக்கும் முன் கடித்தால் நாக்கில் துவர்ப்பு ஒட்டும். தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் அதன் முழு ருசி வெளியே வரும். குறைகளும் உண்டு. முற்றிய பழம் காம்போடு நிற்காமல் சீப்பிலிருந்து உதிரும். சில தார்களில் சதைக்குள் கல் போன்ற கட்டிகள் தட்டுப்படும். உதிரும் பழத்தைக் கடைக்காரர் விரும்புவதில்லை. கொல்லையில் வளர்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ரஸ்தாளியைச் சந்தையிலிருந்து துரத்தியது பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் ஃபுசேரியம் பூஞ்சை வேர் வழியே ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைக்கிறது. கீழ் இலை மஞ்சளாகித் தொங்கும், அடித்தண்டு வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடப்பதால், ஒருமுறை நோய் கண்ட வயலில் மறுபடி ரஸ்தாளி வைப்பது வீண். அமெரிக்கச் சந்தைக்குப் போன 'கிரோ மிஷேல்' என்ற வாழையை 1950-களில் வீழ்த்தியதும், பிரேசிலின் 'மசான்' வாழையை அழித்ததும் இதே நோய். அந்த மசான் நம் ரஸ்தாளியின் உடன்பிறப்பு. இந்தியாவில் இந்த இழப்பின் கண்கூடான சாட்சி நஞ்சன்கூடு. மைசூர் அரண்மனை வரை பெயர் பெற்ற நஞ்சன்கூடு ரசபாளை 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டம் கிடைத்த காலத்தில் தோட்டங்களோ வாடலால் சுருங்கியிருந்தன. தேவரசனஹள்ளி போன்ற ஊர்களின் விவசாயிகள் வேறு பயிருக்கும் வேறு வாழைக்கும் மாறியிருந்தார்கள்.

பூவனின் கதை இதற்கு நேரெதிர். தமிழ்நாட்டில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தாம்பாளத்தில் முதலில் ஏறும் பழம் இதுதான். வெற்றிலை பாக்கோடு வைப்பதற்கு இரண்டு பூவன்பழம் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். ஆந்திரத்தில் கர்ப்பூர சக்கரகேளி என்பார்கள். உலக வாழை அறிவியலில் இதன் வகைக்கு 'மைசூர்' என்றே பெயர். ரஸ்தாளியைத் தின்ற அதே வாடல் நோயைப் பூவன் பெரும்பாலும் தாங்கிவிட்டது. தண்ணீர் குறைந்த நிலத்திலும் இலை நிறையக் கொடுத்தது, தாரும் பெரிது. ருசியை நேர்மையாகச் சொன்னால், ரஸ்தாளியின் பக்கத்தில் பூவன் கொஞ்சம் தட்டையானது. புளிப்பு முன்னால் வரும், இனிப்பு பின்னால் வரும். ஆனால் வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் புளிப்புதான் வாய்க்கு இதம். ஒரே மரத்திலிருந்து பழமும் இலையும் எதிர்பார்க்கும் வீட்டுக்கு இதைவிட ஏற்றது குறைவு.

குப்பத்துக்கு மேற்கே ஏலக்கியின் ஆட்சி. நெய்ப்பூவன் என்பதும் இதுவே. பெங்களூர் வீடுகளில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம், பூஜைத் தட்டில் வைக்கும் பழம். விரல் அளவுக் காய், காகிதம் போன்ற தோல், மாவாகக் கரையும் கெட்டிச் சதை. பழுத்தாலும் சீப்பைவிட்டு எளிதில் உதிராது. இனிப்பில் பூவனையும் பச்சை வாழையையும் தாண்டும். தார் சிறியது, பத்துப் பதினைந்து கிலோவுக்குள் நிற்கும். அதனால்தான் கடையில் கிலோ விலை மற்ற பழங்களைவிட எப்போதும் ஏறியே இருக்கிறது. விலை ஏறிய பழத்தைக் கொல்லையில் வளர்ப்பதே வீட்டுக்காரருக்கு லாபம் என்பது இங்கே எளிய கணக்கு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கர்நாடகத்துத் தோட்டங்களில் ஏலக்கியையும் வாடல் நோய் பிடித்திருக்கிறது.

மலைவாழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதன் ருசிக்காகவும் அதன் துயரத்துக்காகவும். கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்ட நிழலில் வளர்ந்த விருப்பாட்சி வாழைக்கு ஈரப்பதம் குறைவு, மணம் அதிகம். நாள்பட வைத்தாலும் கெடாத பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அடிப்படை அந்த ஈரம் குறைந்த சதை. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அந்த மலைக்கு வந்தபோது 18,000 ஹெக்டேர் அளவில் இருந்த விருப்பாட்சி 1970-களுக்குள் ஏறக்குறைய 2,000 ஹெக்டேராகக் குறைந்தது என்று வாழை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். திசு வளர்ப்பில் நோயற்ற கன்று உருவாக்கி மலைக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை அதன் பிறகுதான் நடந்தது. விருப்பாட்சியும் சிறுமலை வாழையும் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றன, பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் பெற்றது. பிரேசிலில் அன்றாடம் தின்னும் 'பிராட்டா' வாழை விருப்பாட்சியின் நெருங்கிய உறவு. அங்கே அது ஏழை பணக்காரர் எல்லாருக்குமான பழம், இங்கே அது தேடிப்போய் வாங்கும் பழம்.

குப்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் மட்டும் போதுமானால் விருப்பாட்சி இங்கே செழித்திருக்கும். மலைச் சரிவின் மழையும் நிழலும் இங்கே இல்லை. ஆசைக்கு ஒன்று வைக்கலாம், பழனியின் ருசியை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதே குடும்பத்தின் பச்சநாடான் சமவெளியிலும் ஒழுங்காக வரும், சதையும் கெட்டியாக இருக்கும். மலைவாழை மேல் பிரியம் கொண்டவர்கள் அதை வைத்துப் பார்ப்பது நல்லது.

உலகச் சந்தையை வென்ற கேவண்டிஷ் வாழை 1830-களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டனின் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தது. நம் பச்சை வாழை, மோரிஸ், ரொபஸ்டா, இப்போது எல்லாப் பழக்கடையிலும் தொங்கும் கிராண்ட் நைன் எல்லாம் அந்தக் கூட்டம். 1990-களில் கிராண்ட் நைனின் திசு வளர்ப்புக் கன்று இஸ்ரேலிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. அதே பத்தாண்டின் பிற்பாதியில் இஸ்ரேலின் சொட்டு நீர்ப் பாசன முறையை வைத்துக் குப்பத்தில் அரசு ஒரு மாதிரிப் பண்ணைத் திட்டம் நடத்தியது, அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. பதினோரு பன்னிரண்டு மாதத்தில் 25, 30 கிலோ தார் தரும் மரத்தோடு ஏலக்கியும் ரஸ்தாளியும் எடையில் போட்டி போட முடியாது. ருசியில் பச்சை வாழைக்கு ஒரே குணம் இனிப்பு. மணம் மெல்லியது, பின்சுவை இல்லை. சந்தையில் வருஷம் முழுக்க மலிவாகக் கிடைக்கும் பழத்துக்குக் கொல்லையில் இடம் கொடுப்பது வீண் என்றே படுகிறது.

வாழை வகைகளின் பெற்றோர் இரண்டு காட்டு இனங்கள், மூசா அக்யுமினாடா, மூசா பால்பிசியானா. 1955-இல் நார்மன் சிம்மண்ட்ஸும் கென்னத் ஷெப்பர்டும் இந்த இரண்டின் பங்கை ஏ, பி என்று எழுத்தால் குறிக்கும் முறையை வகுத்தார்கள். பி பங்கு கூடக்கூட வறட்சியைத் தாங்கும் வலு கூடுகிறது. பச்சை வாழை முழுக்க ஏ. ரஸ்தாளி, பூவன், விருப்பாட்சி ஏஏபி. ஏலக்கி ஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. கிணறும் ஆழ்துளைக் குழாயும் நம்பி வாழும் குப்பத்தில் இந்த எழுத்துகள் பெரும் உதவி. பாலாறு ஆந்திரத்தில் ஓடுவது வெறும் 33 கிலோமீட்டர். அதில் வருஷத்தின் பெரும் பகுதி மணல்தான் தெரியும்.

அந்த வகையில் கொல்லைக்கு ஏற்ற முதல் மரம் கற்பூரவல்லி. தோலில் சாம்பல் பூத்த, தடித்த பழம். இனிப்பில் இதை வெல்ல நாட்டு வகைகளில் அதிகம் பேர் இல்லை. புளிப்பு கொஞ்சமும் இல்லாததால் சிலருக்குத் திகட்டும். எப்போதாவது ஒரு விதை பல்லில் படும். தார் முற்ற 15, 16 மாதம் பொறுக்க வேண்டும். சாக்கடை நீர், துணி துவைத்த நீர், மண் சுமாரான மூலை எதையும் இது பொறுத்துக்கொள்ளும். மரம் உயரம், காற்றில் சாயும் என்று அஞ்சுபவர்களுக்குத் திருச்சி மையம் 'காவேரி கல்கி' என்ற குட்டை வகையைக் கொடுத்திருக்கிறது. மொந்தன் பழத்துக்காக இல்லை, காய்க்காக. பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் வீட்டு மொந்தன்காய் இருந்தால் கடைக்காய் தேவைப்படாது. செவ்வாழைக்கு 18 மாதமும் நல்ல நீரும் வேண்டும். அது கன்னியாகுமரிக்காரர்களின் சொத்தாகவே இருக்கட்டும்.

மரத்தின் ருசி பாதி, பழுக்க வைக்கும் கையின் ருசி பாதி. முற்றிய காயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து இருக்கிறது. பழுக்கும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிறது. கடைக்குப் போகும் தாரை முக்கால் முற்றலில் வெட்டிவிடுவதால் அந்த மாற்றம் முழுமை அடைவதில்லை. கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பதை உணவுச் சட்டம் தடை செய்திருக்கிறது, எத்திலீன் அறைகள் அனுமதிக்கப்பட்டவை. வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டையான பிறகு வெட்டி, நிழலில் ஒரு கொக்கியில் மாட்டினால் மேல் சீப்பிலிருந்து வரிசையாகப் பழுத்து வரும். அவசரம் என்றால் பானையில் வைக்கோலோடு மூடி, அடியில் ஊதுவத்தியோ சாணப்புகையோ காட்டுவது பழைய பழக்கம். ஏலக்கி, பூவன் இரண்டுக்கும் அது நன்றாக வேலை செய்யும்.

மூன்று மரத்துக்கு மட்டும் இடம் இருக்கிற வீடு என்றால் தண்ணீர்த் தொட்டி ஓரம் கற்பூரவல்லி, வாசல் வெயிலில் ஏலக்கி, வீட்டின் பின்னால் இலைக்கும் விரதத்துக்கும் பூவன் என்று வைக்கலாம். நான்காவதாக ரஸ்தாளி ஆசை இருந்தால் வாழையே இதுவரை நில்லாத மண்ணில் வைக்க வேண்டும், இல்லையென்றால் புது மண் நிரப்பிய குழியில். தாய்மரம் வாடாத தோட்டத்தில் கத்திபோல் ஒடுங்கிய இலை விட்ட ஈட்டிக் கன்றைத் தேர்ந்தெடுத்து, அகன்ற இலை விட்ட நீர்க்கன்றைத் தவிர்க்க வேண்டும். கிழங்கை வேர் போகச் சீவி, கறுப்பு படிந்த இடம் இருந்தால் வெட்டி எறிந்து, வெள்ளையாக நிற்கும் கிழங்கை மட்டும் நட வேண்டும். ஒரு தார் வெட்டிய பிறகு அதே குழியில் மறுதாம்பு விடாமல், அடுத்த ரஸ்தாளியைப் பத்தடி தள்ளி வேறு மண்ணில் வைப்பது அந்தப் பழத்தை வருஷாவருஷம் வீட்டில் நிறுத்தி வைக்கும் வழி.