தளர்வுப் பயிற்சி (நாகை – கோடியக்கரைக் கடலோரம்)

உடலின் இறுக்கத்தையும் மூச்சின் போக்கையும் கவனித்து, அதன் வழியே மனத்தின் பாரத்தைக் குறைக்கும் முறைகளின் பொதுப்பெயர் தளர்வுப் பயிற்சி. காவிரிப் படுகையின் தென்கோடியில் உள்ள கோடியக்கரை தொடங்கி நாகப்பட்டினம் வரையிலான கடலோரத்தில் இதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று யோகியரும் சித்தர்களும் வளர்த்த பழைய மரபு. மற்றொன்று 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர் முகாம்களுக்குள் வந்தது. முன்னதே பின்னதாக வளர்ந்தது என்று மேடைகளில் பேசுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை.

பழைய மரபுக்கு இப்பகுதியில் சான்று தேட வேண்டியதில்லை. திருமூலர் யோகத்தில் அமர்ந்த இடமாகச் சைவர்கள் போற்றும் திருவாவடுதுறை இதே படுகையில் இருக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. மூச்சை இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32 என்று அது கணக்கும் வகுக்கிறது. நாகைக்குத் தெற்கே வடக்குப் பொய்கைநல்லூரில் கோரக்கர் சித்தரின் சமாதிக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் வருகிறது. ஆனால் வாசியோகம் எனப்படும் இந்த மூச்சு யோகம் குருவிடம் தீட்சை பெற்றவனுக்கு உரியது. அதன் இலக்கு முத்தி. வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கும், உப்பளத்தில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவருக்கும் அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்களுக்கு இருந்தவை அமாவாசைக் கடல் நீராடலும், துக்கம் வந்தால் மாரடித்துப் பாடும் ஒப்பாரியும்தான். ஒப்பாரியை இந்தக் கணக்கில் சேர்க்காத ஆய்வாளர்கள் பெரிய தவறு செய்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

களைப்பு நீங்கி மனம் ஓய்வு பெறுவதற்கென்றே ஓர் ஆசனத்தைக் குறிப்பிடும் நூல், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை. பிணம்போல் மல்லாந்து கிடக்கும் அந்தச் சவாசனம் பிற்காலத்தில் மருத்துவமனைக்குள்ளும் நுழைந்தது. மும்பை மருத்துவர் கே. கே. தாத்தேயும் உடன் பணியாற்றியவர்களும் இரத்த அழுத்த நோயாளிகள் 47 பேருக்குச் சவாசனம் கற்பித்து, பலருக்கு அழுத்தம் குறைந்ததை 1969இல் வெளியிட்டனர். அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இலேயே படிப்படியான தளர்வு முறையை நூலாக்கியிருந்தார். அவர் முறை எளியது. வலக்கையை இறுக மூடி, முன்னங்கையில் ஏறும் விறைப்பைச் சில நொடிகள் கவனிக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, விரல்கள் கனத்துக் கிடப்பதைக் கவனிக்க வேண்டும். இப்படியே தோள், தாடை, நெற்றி, கால் என்று உடல் முழுவதும். இறுக்கம் எது, தளர்வு எது என்று தசைக்கே தெரியவைப்பதுதான் இதன் சூட்சுமம். தமிழ்நாட்டில் 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி, தம் எளியமுறை உடற்பயிற்சியில் தளர்த்தலையும் ஓர் அங்கமாக்கினார். அவருடைய மனவளக்கலை மன்றங்கள் வழியே அது சிற்றூர்களுக்கும் போயிற்று.

2004 டிசம்பர் 26 இந்தக் கதையைத் திருப்பியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். கோடியக்கரையில் சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதியும் அன்று விழுந்தது. பிழைத்தவர்கள் உறக்கமின்றி, கடலைப் பார்க்கவே அஞ்சி முகாம்களில் கிடந்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்மட்டத் தொண்டர்களுக்காக வகுத்த உளச்சமூக உதவி முறையில், மனம்விட்டுப் பேசவைப்பதோடு தளர்வும் ஒரு கூறாக இருந்தது. அந்தமான் முகாம்களில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி தந்தபோது அச்சமும் உறக்கக் கேடும் குறைந்ததாக ஷெர்லி டெல்லஸ் குழு 2007இல் எழுதியது.

நாகைப் பகுதியில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஐந்து முகாம்களில் கடும் மனவடு அறிகுறிகள் கொண்ட 183 பேர் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவுக்கு நான்கு நாள் மூச்சுப் பயிற்சி. இரண்டாவதற்கு அதோடு பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொல்லி ஆற்றும் சிகிச்சை. மூன்றாவது பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. பயிற்சி பெற்றோருக்கு மனவடுவும் மனச்சோர்வும் நன்கு குறைந்தன. 24 வாரம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றது. ஆனால் ஆளுக்கு ஆள் குலுக்கிப் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்த ஆய்வு இது. ஒரு முகாமின் ஒற்றுமையும் தலைவர்களின் அக்கறையும்கூட முடிவைச் சாய்த்திருக்கலாம். ஆகவே இதை உறுதியான நிரூபணமாகக் கொள்ளாமல், நம்பிக்கை தரும் சான்றாகக் கொள்வதே முறை.

அந்த முகாம்களில் கற்பித்த மூச்சுகளில் ஒன்று உஜ்ஜாயி. தொண்டையைச் சற்றுக் குறுக்கி மெல்ல விடும் இந்த மூச்சு அலையோசைபோல் கேட்கும் என்று யோகாசிரியர்கள் எங்கும் சொல்வார்கள். கடல் பிள்ளையைக் கொண்டுபோன வீட்டில் அந்த உவமையைச் சொல்லலாமா என்பதை எந்தக் கையேட்டையும்விடப் பயிற்றுநரின் மனசாட்சிதான் முடிவு செய்ய வேண்டும். கண்ணை மூடி உள்ளே கவனிக்கச் சொன்னால் சிலருக்கு அந்த நாளே திரும்ப வந்து நெஞ்சு படபடக்கும். அவர்களைக் கண் திறந்து, பாதம் தரையில் பதிந்திருப்பதை மட்டும் கவனிக்கச் சொல்வது நல்லது. அதுவும் சில நிமிடங்களே போதும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரை கடந்தபோது, கோடியக்கரைக் காடும் உப்பளமும் மீனவர் குடியிருப்புகளும் மீண்டும் அடிபட்டன. பேரிடரோ அன்றாடக் கவலையோ, உறக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால் பயிற்சியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 2022இல் தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.