சூழல் சட்டங்களும் குழுக்களின் காலக்கெடுவும்

இந்திய நாடாளுமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கும் வனத்துக்குமென ஒரு தனிக் குழு முதன்முதலாக அமைந்தது 1989 ஆகஸ்டில்தான். வேளாண்மை, அறிவியல்-தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான குழுக்களோடு அன்று தோன்றிய அந்த ஏற்பாடு, 1993 ஏப்ரலில் அமைச்சகங்கள் அனைத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட 17 துறைசார் நிலைக்குழுக்களாக விரிந்து, 2004இல் 24 குழுக்களாகப் பெருகியது. மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் ஒவ்வொன்றிலும் உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. அறிவியல்-தொழில்நுட்பத்தையும் சூழலையும் வனத்தையும் சேர்த்துக் கவனிக்கும் குழு மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்குகிறது.

நிலைக்குழுக்கள் வருவதற்கு முன்பு, ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே இரு அவைகளின் உறுப்பினர்களையும் கொண்டு அமைக்கப்பட்டு, அறிக்கை தந்ததும் கலைந்துவிடும் கூட்டுக்குழுவே வழக்கமான கருவியாக இருந்தது. 1969இல் மாநிலங்களவையில் அறிமுகமான நீர் மாசுத் தடுப்பு மசோதா அவ்வகையில் கூட்டுக்குழுவுக்குச் சென்று, 1974இல்தான் சட்டமானது. இடையில் 1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்டபோதும் அது காலாவதியாகவில்லை. மாநிலங்களவையில் நிலுவையில் உள்ள, மக்களவை இன்னும் நிறைவேற்றாத மசோதா, மக்களவைக் கலைப்பால் இறந்துபோகாது என்று அரசமைப்பின் 107ஆம் கூறு காப்பளித்திருந்தது. ஆயினும் அந்தப் பொறுமையைச் சூழல் சட்டங்களின் பொது இயல்பு என்று கொள்வதற்கில்லை. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980 அக்டோபர் 25 அன்று அவசரச் சட்டமாகவே பிறந்தது. 1974இன் நீர்ச் சட்டத்துக்கே 2024 பிப்ரவரியில் திருத்தம் வந்தபோது, 5ஆம் தேதி அறிமுகமாகி 8ஆம் தேதிக்குள் இரு அவைகளையும் அது கடந்துவிட்டது. எந்தக் குழுவும் அதைப் பார்க்கவில்லை.

நிலைக்குழுவின் ஆண்டு, மசோதாவைச் சுற்றி அமைந்ததன்று. வரவுசெலவுத் திட்டம் தாக்கலானபின் அவைகள் இடைவேளை விடும் வாரங்களில், அமைச்சகங்கள் கேட்கும் தொகைகளான மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து, அவை மீண்டும் கூடும்போது அறிக்கை வைத்தாக வேண்டும்; அந்நாட்களில் மற்றப் பணிகள் பின்னுக்குப் போகின்றன. ஆய்வுப் பயணங்கள் பெரும்பாலும் கூட்டத்தொடர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வருகின்றன. குழுவின் ஆயுளும் ஓராண்டுக்கு மேற்படாது. ஆண்டுதோறும் அது திருத்தியமைக்கப்படும்போது, பாதி ஆராய்ந்த மசோதா புதியவர்கள் கைக்குப் போய்ச்சேரலாம். ஒரு பொருளை நெடுநாள் தொடர்ந்து கற்றறிவதற்காக உருவான அமைப்பு ஆண்டுக்கொரு முறை கலைத்துக் கட்டப்படுவது அதன் பெருங்குறை எனலாம்.

இந்த இடுக்கில்தான் மசோதா நுழைகிறது. பொதுவாக மூன்று மாதக் கெடுவோடு மசோதா குழுவுக்கு அனுப்பப்படுகிறது. அமைச்சகச் செயலாளர் முதலில் மசோதாவின் நோக்கத்தை விளக்குகிறார்; நாளிதழ் விளம்பரத்தின் வாயிலாகப் பொதுமக்களிடமிருந்தும் அமைப்புகளிடமிருந்தும் எழுத்துமூலக் கருத்துகள் பெறப்படுகின்றன; வல்லுநர்களும் மாநில அதிகாரிகளும் நேரில் சாட்சியமளிக்கின்றனர்; எழும் ஐயங்களுக்கு அமைச்சகம் விடையெழுதி அனுப்புகிறது. அதன்பின் மசோதாவைப் பிரிவுபிரிவாகப் படித்து, வரைவு அறிக்கையை ஏற்று, இசையாத உறுப்பினர்களின் மாற்றுக் கருத்துக் குறிப்புகளையும் இணைத்து அவைகளில் வைக்கின்றனர். கூட்டங்கள் மூடிய அறைக்குள் நடப்பதால், இப்படிகளில் எதற்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதை அறிக்கையின் பின்னிணைப்பாக வரும் கூட்டக் குறிப்புகளே காட்டிக்கொடுக்கின்றன.

கால அளவு மசோதாவுக்கு மசோதா பெரிதும் வேறுபட்டுள்ளது. 2000 மே மாதம் அறிமுகமான பல்லுயிர் மசோதா மீதான அறிக்கை 2001 டிசம்பரில் வந்தது. 2009 ஜூலையில் அறிமுகமான தேசியப் பசுமைத் தீர்ப்பாய மசோதாவுக்கு அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை கிடைத்துவிட்டது. ஈடுசெய் காடுவளர்ப்பு நிதி மசோதாவோ 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை குழுவிடம் இருந்தது. காலத்தின் அருமையை நிலைக்குழுவே வெளிப்படையாகப் பேசிய தருணமும் உண்டு. சூழல் சட்டங்களை மறுஆய்வு செய்ய டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையில் அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2014இல் தந்த அறிக்கையை ஆராய்ந்த நிலைக்குழு, அத்தனை சட்டங்களை அலசுவதற்கு மூன்று மாதம் போதாது என்று 2015இல் கூறி, உரிய காலத்தோடும் கலந்தாய்வோடும் செயல்படும் புதியதொரு குழுவைக் கோரியது.

கெடு மட்டுமன்றி, எந்தக் குழு என்பதும் பிற்காலத்தில் சர்ச்சைக்குரிய பொருளாயிற்று. 2021 டிசம்பர் 16 அன்று அறிமுகமான பல்லுயிர்த் திருத்த மசோதா சஞ்சய் ஜெய்ஸ்வால் தலைமையிலான கூட்டுக்குழுவுக்குச் சென்றது. மறுநாள் வந்த வனஉயிரினத் திருத்த மசோதாவோ ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவை அடைந்தது. நிலைக்குழு 2022 ஏப்ரலிலேயே அறிக்கை அளிக்க, கூட்டுக்குழு ஆகஸ்டில்தான் அளித்தது. மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று விதி ஏதும் இல்லாததன் விளைவை எண்ணிக்கையிலும் காணலாம்: 15ஆம் மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களுக்குச் சென்றன, 17ஆம் மக்களவைக் காலத்தில் 16 விழுக்காடே சென்றன.

2023 மார்ச் 29 அன்று அறிமுகமான வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவும் கூட்டுக்குழுவுக்கே போயிற்று. நிலைக்குழுவை ஒதுக்கியதற்கு ஜெய்ராம் ரமேஷ் மாநிலங்களவைத் தலைவருக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார். ராஜேந்திர அகர்வால் தலைமையிலான அக்குழு, ஜூலை 20 அன்று ஒரு பிரிவையும் மாற்றாமல் மசோதாவைத் திருப்பித் தந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் சிலரின் மாற்றுக் கருத்துகள் இணைப்பில் நின்றுவிட்டன. இரு வாரங்களுக்குள் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. கூடலூர்ப் பகுதிக் காடுகளையொட்டி எழுந்த கோதவர்மன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் காடு என்பதற்கு அளித்த விரிந்த பொருளைத் திருத்தம் குறுக்கிவிடும் என்பதே முதன்மையான ஆட்சேபம். அந்த ஆட்சேபம் பின்னர் நீதிமன்றத்தை எட்டியது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் காடுகளைக் கண்டறிந்து பதிவுசெய்யும் பணி முடியும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.