இரவில் வந்த இசை: லக்சம்பேர்க் வானொலியும் பிரித்தானிய இளைஞரும்

பிரித்தானியாவில் றொக் இசை பரவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடகர்களிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்துமே தொடங்குவர். அவ்விசை எவ்வழியாக இளைஞரின் செவியை முதலில் எட்டியது என்ற வினா அவர்களிடத்து அதிகம் எழுவதில்லை. 1950களில் அங்கு வளர்ந்த தலைமுறையினருட் பலருக்கு றொக் என்பது அயல்நாடொன்றிலிருந்து, இரவில் மட்டும், தேய்ந்தும் ஓங்கியும் வந்த ஓர் ஒலியாகவே அறிமுகமாயிற்று. அவ்வயல்நாடு அமெரிக்கா அன்று. இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கேயுடைய லக்சம்பேர்க் ஆகும்.

உள்நாட்டிலேயே வலிமை மிக்க வானொலி இருக்க, இளைஞர் ஏன் அயல்நாட்டை நாடினர்? அக்காலப் பிரித்தானியாவில் ஒலிபரப்பு உரிமை பி.பி.சி. ஒன்றுக்கே இருந்தது, விளம்பரத்துக்கு அங்கு இடமில்லை. இது பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத காரணம் இன்னொன்று உண்டு. இசைத்தட்டுகளை வாரத்துக்கு இத்தனை மணி நேரமே ஒலிபரப்பலாம் என்னும் வரம்பு இசைத்தட்டு நிறுவனங்களுடன் செய்த உடன்படிக்கையால் பி.பி.சி.க்கு ஏற்பட்டிருந்தது. வாத்தியக்காரரின் வேலைவாய்ப்பைக் காக்க விரும்பிய அவர்தம் தொழிற்சங்கமும் அவ்வரம்பை ஆதரித்தது. எனவே புகழ்பெற்ற பாடல்களைப் பி.பி.சி.யின் வாத்தியக் குழுக்களே வாசிக்க, அதன் பாடகர்களே பாடினர். பழைய நடன இசைக்கு இதனால் பெரிய இழப்பில்லை. யார் வாசித்தாலும் வால்ஸ் வால்ஸே. றொக் இசையோ அத்தகையதன்று. எல்விஸ் பிறெஸ்லி 1956இல் வெளியிட்ட ‘ஹார்ட்பிறேக் ஹொட்டேல்’ என்னும் பாடலின் உயிர் அதன் சொற்களிலோ மெட்டிலோ மட்டும் இல்லை. அக்குரலிலும் அதைச் சூழ்ந்த எதிரொலியிலும் உள்ளது. இசைத்தட்டே அங்கு மூலப்பிரதி. அதை இன்னொரு குழு நேர்த்தியாக வாசிக்க வாசிக்க, பாடல் செத்துக்கொண்டே போயிற்று என்பது மிகையாகாது.

லக்சம்பேர்க் வானொலிக்கு இத்தடை எதுவும் இல்லை. 1933இல் நெட்டலையில் ஆங்கிலச் சேவையைத் தொடங்கிய அந்நிலையம், 1939இல் போர் மூண்டதும் அதனை நிறுத்தியது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, 1951இல் 208 மீற்றர் மத்திய அலைக்கு மாறியது. அது மாலையிலும் இரவிலுமே ஆங்கிலத்தில் ஒலித்தது. இதற்கு இயற்கையே முதற் காரணம். பகலில் அயன்மண்டலத்தின் கீழ்ப்படை மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அக்கீழ்ப்படை அருகிப்போக, அதற்கு மேலுள்ள படைகள் அலைகளைத் தெறிக்கச் செய்து பல நூறு மைல்களுக்கு அப்பால் இறக்கிவிடும். இப்படைகளின் இருப்பைப் பரிசோதனை மூலம் நிறுவியவர்களுள் தலையாயவரான அப்பிள்டன், 1924 டிசெம்பரில் தம் உடனாய்வாளர் பார்னெற்றுடன் அதனைச் செய்தது பி.பி.சி.யின் போர்ண்மத் ஒலிபரப்பியைக் கொண்டேயாகும். நிகழ்ச்சிகள் முடிந்த பின்னர் அவ்வொலிபரப்பியின் மீடிறன் சிறிது சிறிதாக மாற்றப்பட, ஒக்ஸ்போர்ட்டிலிருந்து அவர்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளந்தனர். தன் ஏகபோகத்தை உடைக்கப்போகும் பாதையைப் பி.பி.சி. தன் கருவியாலேயே அறியச் செய்தது எனலாம்.

நிலத்தை ஒட்டி வரும் அலையும் வானிலிருந்து இறங்கும் அலையும், அன்றி வெவ்வேறு படைகளிலிருந்து இறங்கும் இரு அலைகளும், ஒன்றையொன்று சிலபோது வலுப்படுத்தும், சிலபோது அழிக்கும். இதனாலேயே பாட்டின் நடுவில் குரல் மங்கி மறைந்து மீண்டும் எழும். 1933இல் நெதர்லாந்தில் சுவிற்சர்லாந்து நிலையமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்த தெலகென் என்னும் அறிஞர், அதன் பின்னணியில் லக்சம்பேர்க் நிகழ்ச்சியும் கலந்து ஒலிப்பதைக் கவனித்தார். வலிய அலையொன்று அயன்மண்டலத்தையே மாற்றித் தன் ஒலியை இன்னோர் அலையின்மேல் ஏற்றிவிடும் இத்தோற்றப்பாடு இன்றும் ‘லக்சம்பேர்க் விளைவு’ என்றே பெயர் பெறுகின்றது. பௌதிகவியலில் நிலைத்த பெயரைக் கொண்ட வர்த்தக வானொலி வேறெதுவும் உளதோ என்பது ஐயமே.

அரசின் ஏகபோகத்தை எதிர்த்த சுதந்திரக் குரலாக இந்நிலையத்தைச் சித்திரிக்கும் வழக்கமொன்று உண்டு. அது பாதி உண்மையே. லக்சம்பேர்க்கின் நேரத்தை விலைக்கு வாங்கியோர் ஈ.எம்.ஐ., டெக்கா முதலிய இசைத்தட்டு நிறுவனங்கள். தத்தம் புதிய தட்டுகளை விற்பதே அவற்றின் நோக்கம். அரை மணி நேரத்துள் இயன்றவரை பல தட்டுகளை அறிமுகஞ் செய்ய விரும்பிய அவை, ஒரு பாடலைப் பெரும்பாலும் முழுமையாக ஒலிக்க விடுவதில்லை. பி.பி.சி.யில் இசைத்தட்டு நேரத்துக்கு வரம்பு விதித்த அதே தொழில், லக்சம்பேர்க்கில் அந்நேரத்தைக் காசு கொடுத்து வாங்கியது என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. நிகழ்ச்சிகளிற் பல இலண்டனிலேயே பதிவு செய்யப்பட்டு லக்சம்பேர்க்குக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து வான்வழியே அவை மீண்டும் இலண்டனுக்கு வந்தன. பாடல்களுக்கிடையே ஹொறஸ் பற்செலர் என்பவர் உதைபந்தாட்டப் பந்தயத்தில் வெல்லும் வழியைக் கூறி, கீன்ஷம் என்னும் தம் ஊரின் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரிப்பார். அத்தலைமுறையினர் எல்விஸின் பாடலோடு அவ்வூர்ப் பெயரின் எழுத்துக்களையும் மனனஞ் செய்துகொண்டனர்.

இவ்வரலாறு இலங்கை மாணவருக்கு முற்றிலும் புதியதன்று. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அப்பாடல்களைத் தேடிய இந்திய நேயர்கள் கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் தம் வானொலிப் பெட்டிகளைத் திருப்பினர். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அவ்வாண்டிலேயே தொடங்கியது. அங்கும் நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகிக் கொழும்பு சென்றே இந்தியாவுக்கு மீண்டது. அங்கும் வழி திறந்தது ஒரு பற்பசை விளம்பரமே. பெரிய நாட்டின் பண்பாட்டுக் காவலர் அடைத்த கதவைச் சிறிய நாட்டின் வணிகம் திறந்த கதை இரண்டிடத்தும் ஒன்றே.

எனினும், வணிகத்தால் வந்த இசையை நேயர் வணிகப் பொருளாக மட்டும் ஏற்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க அறிவிப்பாளர் அலன் பிறீட்டின் நிகழ்ச்சிப் பதிவுகள் லக்சம்பேர்க்கில் ஒலித்தன. அவற்றைக் கேட்க ஒருவர் இருளுக்காகக் காத்திருக்க வேண்டும். முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஒலி மங்கும்போது விடுபட்ட அடியைத் தாமே இட்டு நிரப்ப வேண்டும். திரான்சிஸ்ரர் பெட்டிகள் பரவிய பின்னர் பெற்றோர் அறியாது போர்வைக்குள் கேட்பதும் வழக்கமாயிற்று. லிவர்ப்பூலில் வளர்ந்த பீற்றில்ஸ் குழுவினரும் இவ்வாறு லக்சம்பேர்க் கேட்டு வளர்ந்தவர்களே. அரைகுறையாகக் கேட்ட பாடலை மறுநாள் கிற்றாரில் தேடிப் பிடிக்க முயலும் இளைஞன், தெளிவாகக் கேட்பவனைவிடக் கூர்மையான செவியைப் பெற்றிருப்பான் என்று கருத இடமுண்டு.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1964இல் றேடியோ கரோலைன் கடலில் நின்ற கப்பலொன்றிலிருந்து பகலிலும் பொப் இசையை ஒலிபரப்பத் தொடங்கியது. 1967 ஓகஸ்ட்டில் அத்தகைய நிலையங்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது; செப்டெம்பர் 30ஆந் திகதி பி.பி.சி.யே ‘றேடியோ 1’ என்னும் பொப் இசைச் சேவையை 247 மீற்றரில் ஆரம்பித்தது. 1973இல் உள்நாட்டு வர்த்தக வானொலியும் வந்தது. உள்ளூரில் தெளிவாகக் கிடைப்பதை இரைச்சலினூடே தேடுவார் குறைந்தனர். 1991 இறுதியில் 208 மீற்றர் ஆங்கிலச் சேவை ஓய்ந்தது.

‘றேடியோ 1’ கைவிட்ட அதே 247 மீற்றர், அதாவது 1215 கிலோஹேட்ஸ், 1993இல் ‘வேர்ஜின் 1215’ என்னும் றொக் நிலையத்துக்குக் கிடைத்தது. அது 1996 முதல் இணையத்திலும் ஒலித்து, 2008இல் ‘அப்சலூட்’ எனப் பெயர் மாறி, 2023 ஜனவரியில் மத்திய அலையை முற்றாக நிறுத்திக்கொண்டது. இணையத்தில் அந்நிலையம் மங்குவதில்லை, இருளையும் எதிர்பார்ப்பதில்லை. இதை இழப்பென்று புலம்புவது பொருந்தாது. போர்வைக்குள் கிடந்த சிறுவன் விரும்பியது பாட்டையேயன்றி இரைச்சலை அன்று. ஆனால் இரைச்சலையே விரும்பித் தேடுவாரும் இன்று உளர். நெதர்லாந்தின் துவென்ரே பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டு, இணையத்தினூடாக எவரும் இயக்கக்கூடியதாக விடப்பட்ட வானொலி வாங்கியின் மூலம், வேறு கண்டத்திலிருப்பவரும் ஐரோப்பிய இரவின் மத்திய அலையில் முள்ளை நகர்த்தலாம். றேடியோ கரோலைனும் 2017 டிசெம்பரில் 648 கிலோஹேட்ஸ் மத்திய அலைக்கு வந்தது. இம்முறை கப்பலிலிருந்தன்று, இங்கிலாந்தின் கரையிலிருந்து, உரிய அனுமதியுடன்.