உயிர் காலேஜும் அல்லிக்குளமும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், பார்க்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, பார்க் டவுன்னு இன்னொரு ஸ்டேஷன் இருக்கு. பார்க் எங்கேம்மான்னு என் பையன் கேக்கறான். என்ன சொல்றது டீச்சர்?" பையன் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு அதைத்தான் பேசுவேன் என்பது என்னிடம் படித்த உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

பார்க் இருந்தது. அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. பூங்கா நகர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

1859-ல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைகளை மேற்பார்த்து, கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வாங்கியவர். இங்கே ஓராண்டுக்குச் சற்று மேல்தான் இருந்தார். வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் 1860-ல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நாளில் அவர் செய்த நல்ல காரியம் இந்தப் பூங்கா. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தில் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சந்து சந்தாக நெருங்கி வாழ்ந்த மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம்.

116 ஏக்கர். பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், ஏறக்குறைய 65 கால்பந்து மைதானம். உள்ளே 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை, குளிக்கும் குளம். எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் தொடங்கிய விலங்குக் காட்சியும் 1860-களில் இங்கே வந்து சேர்ந்தது.

சென்னைக்காரர்கள் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். பாடம் செய்த மிருகங்கள் அங்கே. உயிரோடு மிருகங்கள் இருந்த இடம் 'உயிர் காலேஜ்'. எங்கள் பாட்டி கடைசிவரை 'ஜூ' என்று சொன்னதே இல்லை.

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பிள்ளைகள். பேட்டையை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கூவம் ஓடும். பாலத்தைத் தாண்டி, ரயில் பாதை ஓரமாக நடந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் மூர் மார்க்கெட். அதற்குப் பின்னால் உயிர் காலேஜ். 1960-களின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தூங்க ஆரம்பித்ததும் நாங்கள் கிளம்பிவிடுவோம். அண்ணன்கள் இரண்டு பேர், அத்தை பையன், கடைசியில் நான்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அண்ணன்களுக்குக் கில்லியும் பம்பரமும். எனக்கு அல்லிக்குளம். அல்லித் தண்டை ஒரு பக்கம் ஒடித்து, நார் அறுந்துவிடாமல் உரித்து, மறுபக்கம் ஒடித்து உரித்தால் தண்டு இரண்டு சரமாகப் பிரியும், பூ பதக்கம் மாதிரித் தொங்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு ராணி மாதிரி நடப்பேன். அத்தை பையன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீன்குஞ்சு பிடித்து வருவான். நாலு நாளில் மீனுக்குக் கால் முளைக்கும். தலைப்பிரட்டை என்ற வார்த்தையை நான் புத்தகத்தில் கற்கவில்லை, அந்தப் பாட்டிலில் கற்றேன். பிற்பாடு தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் வரைந்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் மனதில் அந்தப் பாட்டில்தான்.

உயிர் காலேஜுக்குள் போக எல்லா வாரமும் காசு இருக்காது. சுவருக்கு வெளியே நின்று எந்தச் சத்தம் எந்த மிருகம் என்று பந்தயம் கட்டுவோம். மழைக்கால ராத்திரியில் ஊர் அடங்கிய பிறகு சிங்கம் கர்ஜிப்பது பேட்டைவரை கேட்கும். எங்களைத் தூங்கவைக்க அம்மாவுக்கு அது போதும்.

இவ்வளவு பெரிய இடம் எப்படிப் போனது? ஒரே நாளில் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள். 1886-ல் பூங்கா நிலத்தில் ஒரு பகுதி 99 வருஷக் குத்தகைக்குப் போய், விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் நடந்த மேடை அது. நல்ல காரியம்.

பிராட்வேயில் சந்தை நெரிசல், கடைகளுக்கு இடம் வேண்டும் என்றார்கள். 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். பழைய புத்தகம், புறா, வண்ண மீன், கிராமபோன் தட்டு... தாய் தகப்பனைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று பெயர் வாங்கிய இடம். அதுவும் நல்ல காரியம்.

மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டும் என்றார்கள். 1913-ல் ரிப்பன் கட்டடம். இன்றும் பார்க்கப் பார்க்க அழகு. பிறகு விளையாட்டரங்கம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் எடுத்தது அங்கேதான். 2008 வரை யாரும் முறியடிக்காத உலக சாதனை. அதை வேண்டாம் என்று யார் சொல்லுவார்?

1985-ல் இரண்டும் ஒன்றாக நடந்தது. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். அதே ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தார்கள். நெரிசலுக்கு நடுவே கூண்டில் கிடந்த மிருகங்களுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. கடை இழந்த வியாபாரிகளுக்கு வேறு இடம் வேண்டுமே? அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டினார்கள். இன்றும் அதன் பெயர் அல்லிக்குளம்தான். பெயரில் அல்லியும் இருக்கிறது, குளமும் இருக்கிறது.

மண்டபம், மார்க்கெட், அலுவலகம், அரங்கம், ரயில் நிலையம். இதில் எது தப்பு? ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரு மூலைதான். 'இவ்வளவு பெரிய இடத்தில் இது ஒரு மூலைதானே' என்று ஒவ்வொரு தலைமுறையும் கொடுத்தது. ஒரு கழித்தல் கணக்கை நூறு வருஷமாகப் பல பேர் போட்டார்கள். விடை என்ன வருகிறது என்று யாரும் கீழே கோடு போட்டுப் பார்க்கவில்லை. இன்று பூங்காவாக மிஞ்சியிருப்பது, அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மை லேடீஸ் பூங்கா. மாணவியின் பையனுக்கு நான் சொல்லும் விடை அதுதான்.

ஆற்றின் கதையும் இதே கணக்குதான். 1700-களின் இறுதியில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார், கல்லூரிக்குப் பெயர் தந்த அதே வள்ளல், கோமளீசுவரன்பேட்டையில் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார் என்று படித்திருக்கிறோம். அது எங்கள் வீட்டுக்கு அக்கரை! எங்கள் காலத்தில் தண்ணீர் கறுத்துவிட்டது. எருமை மட்டும் இறங்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால், செம்மண் நிறத்தில் ஆறு புரண்டு ஓடும், ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து போகும். பாலத்தில் நின்று எண்ணுவோம். அந்தச் சில நாட்கள் அது நிஜமான ஆறு.

1967-ல் அண்ணா ஆட்சியில் கூவத்தைச் சீர்படுத்தும் வேலை தொடங்கியது. 1973-ல் படகுகூட விட்டார்கள். அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஓடியது. படகு நிலைக்கவில்லை. கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் வந்து வந்து அடைத்தது, வழியெல்லாம் சாக்கடை கலப்பது நிற்கவில்லை. அங்கேயும் அதே பேச்சுதான்: 'நம்ம ஒரு குழாய்தானே!'

கரையோரக் குடிசைகளிலிருந்து என்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் பல பேர். ஆற்றைச் சீர்செய்ய வேண்டும் என்று அந்தக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆறு சுத்தமாக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாளைக்கு இங்கே புல்லும் நடைபாதையும் வரும்போது, நாற்றம் தாங்கி ஆற்றோடு வாழ்ந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே விளையாட இருக்க மாட்டார்கள். அது எனக்கு உறுத்துகிறது.

பழசை நினைத்துப் பெருமூச்சு விட இதை எழுதவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) மைதானத்தில் ஒரு மூலையைத் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷம் இன்னொரு மூலையில் சாமான் அறை. மூன்றாவதாக வண்டி நிறுத்த இடம் கேட்டபோது, ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு மைதானத்தில் இறங்கினேன். நீளம், அகலம், பரப்பளவு. பாடத்திட்டத்தில் இருப்பதுதானே! முன்பு எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, ஒரு பிள்ளைக்கு எத்தனை அடி என்று பெரிய அட்டையில் எழுதி வாசலில் மாட்டினோம். சண்டை போடவில்லை, மனு கொடுக்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். வண்டி நிறுத்தம் வெளியிலேயே நின்றுகொண்டது. அந்த அட்டையை எழுதிய பிள்ளைகளில் சில பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது உங்களில் இன்ஜினியர் இருக்கிறீர்கள், அரசு அலுவலகத்தில் இருக்கிறீர்கள், குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறீர்கள். ஒரு மூலை கேட்டுக் காகிதம் உங்கள் மேஜைக்கு வரும். காரணம் நல்லதாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எவ்வளவு இருந்தது, மிச்சம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டுப்பாடமும் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்கோ மைதானத்துக்கோ போங்கள். நீளவாக்கில் எத்தனை தப்படி, அகலவாக்கில் எத்தனை தப்படி என்று எண்ணி, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். வழக்கம்போல எல்லா விடையையும் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்