இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்: செஞ்சிச் சுவர்களின் சொற்பெருக்கு குறித்து

செஞ்சிக் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்பவருக்குப் படிக்கக் கிடைப்பது சுவர்தான். மலைமேல் கோட்டை, கீழே சுவரொட்டி. தேர்தலானாலும் தலைவர் பிறந்த நாளானாலும் அதே சொற்கள்: எழுச்சியின் எரிமலையே, ஏழைகளின் ஏந்தலே, தியாகச் சுடரே. ஒரு சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் பதினோரு அடைமொழிகளை எண்ணியிருக்கிறேன். பதினொன்றையும் தாண்டிப் பெயருக்கு வரும்போது யாரைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துபோயிருந்தது.

நம் சிறுபத்திரிகைச் சூழலில் இதற்கு இருக்கும் ஒரே எதிர்வினை சிரிப்பு. ‘வெற்று ஆரவாரம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். புதுக்கவிதை படித்து வளர்ந்தவர்களுக்குச் சொற்சிக்கனம் ஒரு ஒழுக்கமாகவே ஆகிவிட்டது. (எம்.ஏ. தமிழ் வகுப்பில் கலம்பகமும் உலாவும் மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்து சுவரொட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.) அந்த அளவுகோலை ஒரு கிளைச் செயலாளரின் சுவரொட்டிமேல் வைத்து அளப்பதில் நம்முடைய சாதி, வர்க்க இருப்புக்கும் பங்கு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. நாம் சுவரொட்டியை மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். ஊர்க்காரர்கள் கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள்.

கீழே இருப்பது பெயர்ப்பட்டியல். மாவட்டம், ஒன்றியம், பேரூர், வார்டு, கிளை. யார் படம் பெரிது, யார் பெயர் முதல் வரியில், யார் பெயர் இந்தத் தடவை இல்லை என்பதுதான் செய்தி. செஞ்சியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் சொன்னது: “மேல இன்னா வேணா போட்டுக்கோ, எவனும் கேக்கமாட்டான். கீழ ஒரு பேரு உட்டுப்போச்சுன்னா ராத்திரி வூட்டுக்கே வந்துடுவாங்க.” ஆக, மேலே இருக்கும் புகழ்ச்சி தலைவரைப் பற்றியது அல்ல. கொடுப்பவர்கள் தமக்குள் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கின் முகப்பு அது.

இந்த அமைப்பு புதிதல்ல. முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி வருகிறது. ஆட்சியாண்டு கூடக்கூட வென்ற நாடுகளின் பட்டியலும் நீளும். காந்தளூர்ச் சாலையோடு தொடங்கியது வேங்கை நாடு, கங்கபாடி, ஈழம் என்று வளர்ந்துகொண்டே போகும். தமிழ்த்துறைகளில் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவோம். அதற்குக் கீழேதான் கல்வெட்டின் வேலை தொடங்குகிறது: இன்ன ஊரில் இன்னார், இன்ன கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க, சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு கொடுத்தார், ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். நில விற்பனை, சபை முடிவு போன்ற ஆவணங்களில் ஒப்பமிட்டவர்கள் வரிசையாக வருவார்கள், ‘இவை என்னெழுத்து’ என்று. மேலே ஆரவாரம், கீழே ஆடும் நெய்யும் கையெழுத்தும். அதிகாரம் மேலே பாடப்பட்டது. பொறுப்பு கீழே எழுதப்பட்டது. அந்தச் சபைகளில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பது வேறு விஷயம். அதை மறந்துவிட்டுச் சோழர் காலத்து ஊராட்சியைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை.

இதற்கு எதிர்நிலையும் செஞ்சியிலேயே இருக்கிறது. ஊருக்கு வடக்கே திருநாதர் குன்று. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். அருகில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்று சொல்லும் ஒரு குறுங்கல்வெட்டு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒரு பெயர், ஒரு எண், ஒரு இடம், அவ்வளவுதான். அடைமொழி கிடையாது. ‘ஆதியில் தமிழ் இப்படித்தான் இருந்தது, பிறகு கெட்டது’ என்று வாதிட இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வெட்டியவர் யாரென்று இந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. ஆனால் வேறு யார் பெயரையும் அது கடன் வாங்கவில்லை. எத்தனை சொல் என்பதல்ல, யார் பெயரில் அந்தச் சொல் என்பதே கேள்வி.

கோட்டைக்கேகூட அடைமொழிகள் உண்டு. மராட்டிய ராஜாராமுக்குப் புகலிடமாக இருந்த கோட்டையை 1698இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் பிடித்ததும், அவருடைய ‘நுஸ்ரத் ஜங்’ பட்டத்தை ஒட்டி நுஸ்ரத்கட் ஆனது. ஆங்கிலேயர் ‘கிழக்கின் ட்ராய்’ என்றார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. இவற்றில் வைத்தவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

தேசிங்கு கதை வேறு மாதிரி. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கும் செஞ்சியின் தேஜ்சிங்குக்கும் நடந்த சண்டையின் வேர் கப்பப் பாக்கி. 1714இல் அந்தப் புந்தேல இளைஞன் மாண்டான். நாட்டுப்புறக் கதைப்பாடல் அவனைக் குதிரை ஏற்றியது, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ அந்தக் குதிரையைத் திரைக்குக் கொண்டுவந்தது. செஞ்சி மேடையில் எந்தக் கட்சிக்காரர் ஏறினாலும் தேசிங்கு இன்னும் குதிரையிலிருந்து இறங்கவில்லை. பாக்கி எவ்வளவு, அதைக் கட்டவேண்டிய குடியானவன் யார் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. புகழ்மொழி முதலில் விழுங்குவது கணக்கைத்தான்.

நவீன மேடைப்பேச்சைத் திராவிட இயக்கத்தோடு மட்டும் கட்டிவிடுவதும் சோம்பேறித்தனம். பாதிரிமார்களின் பிரசங்கத்தைக் கண்ட ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். சுதேசி இயக்கக் காலத்தில் அது கடற்கரைக்கு வந்தது. 1949இல் தி.மு.க. பிறந்தபோது அண்ணாதுரையின் அடுக்குமொழி அதைத் தெருமுனைக்கும் டீக்கடைக்கும் கொண்டுபோனது. பண்டிதர் சொத்தாக இருந்த செந்தமிழைச் சைக்கிள் கடைக்காரர் பேசிப் பார்த்தார். இந்தச் சனநாயகப்பாட்டை மறுத்துவிட்டு அடுக்குமொழியைக் கேலி செய்வது எளிது. அதே இயக்கத்தின் மூலவரான ஈ.வெ.ரா. எதுகை மோனை பக்கமே போகாமல் கொச்சையில் மணிக்கணக்காகப் பேசினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘பெரியார்’ என்ற பெயர் 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் வழங்கப்பட்டது. வைத்தவர்களுக்கு முகவரி இருந்தது. மாநாடு, தீர்மானம், தேதி எல்லாம் உண்டு.

மதுரையில் இருந்து ஆய்வு செய்த பெர்னார்ட் பேட், ஜெயலலிதாவுக்குப் பத்திரிகைகளில் கட்சிக்காரர்கள் கொடுத்த முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்களைப் பற்றி 2002இல் எழுதினார். பக்திப் பாடலின் இலக்கணம் இங்கே வேலை செய்கிறது. புகழ்பவர் புகழ்வதன் வழியே அதிகாரத்தின் அருகே தன்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பது அவர் வாசிப்பு. சரிதான். ஆனால் அவர் பார்த்தது கட்சி விளம்பரம். அங்கே புகழ்பவர் தன் படத்தோடு நிற்கிறார். செஞ்சிப் பேரூராட்சி எல்லையைத் தாண்டிக் கிராமத்துக்குள் போனால் இலக்கணம் மாறிவிடுகிறது.

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சைச் சீட்டு, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இரண்டிலும் கட்சி உண்டு. தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவியும் ஆட்டோவும்தான். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி 1996 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலிலிருந்து கதை இதுதான். கட்சி பின்வாசலில் நிற்கும். முன்வாசலில் எழுதியிருப்பது: ‘ஊர்ப் பொதுமக்களின் நல்லாதரவு பெற்ற வேட்பாளர்.’ கீழே, பெயர்ப்பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில்: ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.’

யார் இந்த ஊர்? தென்னார்க்காட்டில் ஊர் என்றால் என்ன, காலனி என்றால் என்ன என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலனிக்காரர் ஒருவர் தனித்தொகுதியில் நிற்கும்போதும் அவரை நிறுத்துவது ‘ஊர்’தான், அப்படி நிறுத்தப்படுகிறவருக்குத்தான் ‘பணிவின் சிகரம்’, ‘எளிமையின் இலக்கணம்’, ‘அனைவருக்கும் கட்டுப்பட்டவர்’ என்ற அடைமொழிகள். பொதுத்தொகுதி வேட்பாளர் சிங்கமாகவும் எரிமலையாகவும் இருக்கிறார்; தனித்தொகுதி வேட்பாளர் பணிகிறார். சொற்பெருக்கு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதற்குள் இவ்வளவு துல்லியமான சாதி இலக்கணம் இருக்கிறது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்தபோது நாடு அதிர்ந்தது. ‘எளிமையின் இலக்கணம்’ போன்ற அடைமொழிகளை அறிந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சிக்கு இடமே இல்லை. அந்தத் தரை அவற்றிலேயே போடப்பட்டிருக்கிறது.

2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னால் தலைவர் பதவி ஏலம் போனதாகச் செய்திகள் வந்தன. ஏலத்தை நடத்துவதும் ‘ஊர்ப் பொதுமக்கள்’தான். கேட்டால் கோயில் காரியம் என்பார்கள். சோழர் காலத்து ஆட்டுக்கும் நெய்க்கும் கல்லில் கணக்கு இருக்கிறது. இந்த லட்சங்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுத்து இல்லை.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களின் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு சொல்கிறது. மூலையில் எறும்பு எழுத்தில் இருக்குமே, அதுதான். அடைமொழிகளின் கூட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே ‘என்னெழுத்து’.

அந்த ஊராட்சித் தேர்தல் சமயம் நண்பரின் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வாசகம் தயாராக இருந்தது, ஒன்பது வரி. வேட்பாளர் வரவில்லை. அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கீழே யார் பேரு போடணும் என்று நண்பர் கேட்டதற்கு, “ஊர்ப் பொதுமக்கள்னு போடு, போதும்” என்றார். கிளம்பிப் படி இறங்கியவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்: “உன் பிரஸ் பேரையும் போடாத.”