உட்கார்ந்தபடி செய்த ஆபரேஷன்

கார் விபத்தில் தொடை எலும்பு உடைந்து, பிளேட் வைத்து வீட்டுக்கு வந்த பெரியப்பா மூன்றே நாள்தான் பிசியோதெரபிக்குப் போனார். "காலை ஆட்டுறதுக்கு எதுக்குடா காசு?" என்றார். பத்து வருஷம் ஆகிறது. முட்டி இன்றும் முழுசாக மடங்காது. ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரை ஊரெல்லாம் சொல்வார், பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் ஞாபகமில்லை. மேரி வர்கீஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்புதான் வரும்.

கேரளத்தில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் படித்து டாக்டரானவர் மேரி. 1954 ஜனவரியில், உடன் வேலைபார்த்தவர்களோடு அவர் போன கார் உருண்டது. முகத்தில் பலத்த காயம். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

இரண்டாம் உலகப்போர்வரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது முறிவு இல்லை, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். புது மருந்து எதுவும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். பிறகு உடற்பயிற்சி, கைவேலை, விளையாட்டு. பின்னாளில் பாராலிம்பிக் பிறந்தது அந்த விளையாட்டிலிருந்துதான். கேட்க எவ்வளவு சப்பையா இருக்கு! ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள்.

வேலூரில் அப்போது பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயில் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அவருடையது. கையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றித் தைப்பார்கள். கையை மேஜைமேல் வைத்து உட்கார்ந்தே செய்யக்கூடிய ஆபரேஷன் இது. அவர் ஊக்கத்தில் மேரி வீல்சேரில் இருந்தபடியே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் தையல் போட்ட பிறகுதான் வருகிறது. இடம் மாறிய தசைக்குத் தன் புது வேலை தெரியாது. நோயாளி விரலை நிமிர்த்த நினைப்பார், விரல் சும்மா கிடக்கும். பழைய அசைவை நினைத்து இழுத்தால் திடீரென்று அசையும். வாரக்கணக்கில் பயிற்சி செய்த பிறகுதான் அது அவருடைய விரலாகும். கத்தி பாதி, பிசியோ பாதி. இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மேரிக்கே அதேமாதிரி ஒரு பாடம் பாக்கியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குச் சிகிச்சைக்காகப் போனார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவருக்குக் கைதான் கால். தோளையும் புஜத்தையும் எடை தூக்கிப் பலப்படுத்த வேண்டும். உள்ளங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி எம்பி எழுந்து, அழுத்தம் படும் இடத்துக்கு ரத்தம் ஓடவிட வேண்டும். மறந்தால் புண். வலி என்ற எச்சரிக்கையே வராது. தொழுநோயாளிகளின் கைகளுக்கும் அதே கதைதானே.

அதற்குப் பிறகு நியூயார்க். போரில் காயம்பட்ட விமானப்படை வீரர்களைத் தேற்றிய அனுபவத்திலிருந்து மறுவாழ்வு மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்த ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மேரி பயிற்சி பெற்றார். நோயாளியாகக் கற்றதை டாக்டராக மறுபடி படித்தார் என்று சொல்லலாம். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. இன்று அதற்கு அவர் பெயர்தான். 1972இல் பத்மஸ்ரீ. விருதைவிட நான் யோசித்துப் பார்ப்பது ஒரு காட்சியை: 'இனிமே என்ன இருக்கு' என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரின் கட்டிலுக்கு, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் வீல்சேரில் வருகிறார்.

போன மாசம் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"அந்தம்மா அப்புறம் பழையபடி நடந்தாங்களா?"

"இல்ல பெரியப்பா. கடைசிவரைக்கும் வீல்சேர்தான்."

"அப்ப எதுக்கு அவ்வளவு எக்ஸர்சைஸ்?" என்றார்.